நடுவர் பேசும் நேரம், பேசாத நேரம்

(சிறார் சாஃப்ட்பால் ஆட்டத் தீர்ப்புகள் குறித்து மம்பாவில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

நம் மம்பாவ் வட்டாரத்தில் பள்ளித் திடல் என்றதும் பந்து உதைப்பதும் வலைப்பந்தும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் ஆரம்பப் பள்ளி உடற்கல்வியிலேயே மட்டையால் அடித்து ஓடுவதும் திடல் காப்பதுமான ஆட்டங்கள் தனி வகையாக இடம்பெற்றிருக்கின்றன. இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்த வகையில் சாஃப்ட்பால் காத்திருக்கிறது. மட்டை, கையுறை, பந்து, நான்கு பேஸ் இருந்தால் ஆடிவிடலாம் என்று நினைத்து இறங்குகிறோம். ஆடியும் விடுகிறோம். நான்கைந்து சிக்கலான கட்டங்கள் வரும்போதுதான் ஆட்டம் தடுமாறுகிறது. பிடிக்காத பந்துக்கு அவுட் கொடுக்கிறார்கள். மூன்று ஸ்டிரைக் ஆனவள் ஓடிப்போய் முதல் பேஸில் நிற்கிறாள். இருவர் மோதிக்கொண்டால் ஒருநாள் ஓடியவள் அவுட், மறுநாள் அதே போன்ற மோதலில் ஓடியவளுக்கு இலவசமாக ஒரு பேஸ். பேஸை மிதிக்காமல் ஓடியதை நடுவர் கண்ணால் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறார். ஓரத்தில் நிற்கும் பெற்றோருக்கு இவையெல்லாம் நடுவரின் மனம்போன போக்காகத் தெரிகின்றன. அங்கிருந்துதான் கூச்சல் கிளம்புகிறது. இந்தத் தீர்ப்புகளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதே என் வாதம். ஆடும் பிள்ளையால் பார்த்து அறிய முடியாததை நடுவர் உடனே உரக்கச் சொல்ல வேண்டும். ஆடும் பிள்ளையால் பார்க்கக் கூடியதை அவள் கேட்கும்வரை சொல்லாமல் இருக்க வேண்டும். இப்படி ஒரு வாக்கியமாக விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. விதிகளை அருகருகே வைத்துப் படித்தபோது நான் கண்ட பொருள் இது. பிள்ளைகள் ஆட்டத்தில் இந்த எல்லையைக் காப்பாற்றினால் போதும், தீர்ப்பு கடுமையாக இருந்தாலும் நியாயமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் பிடிக்காத பந்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அவுட் ஆகியிருக்கிறது. முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் பேஸுக்கு ஒரு பிள்ளை நிற்கிறாள். அடித்த பந்து செங்குத்தாக மேலே எழும்புகிறது. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே காக்கும் ஷார்ட்ஸ்டாப் இரண்டடி பின்னால் போய், தலைக்கு மேல் கையுறையை விரித்து நிற்கிறாள். பந்து காற்றில் இருக்கும்போதே நடுவர் வலது கையை உயர்த்தி, "இன்ஃபீல்டு ஃபிளை, பேட்டர் அவுட்" என்று குரல் கொடுக்கிறார். பந்து கையுறையில் பட்டு நழுவித் தரையில் விழுகிறது. அதைப் பார்த்ததும் பேஸில் நின்ற இருவரும் ஓடுகிறார்கள். ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி மூன்றாம் பேஸுக்கு எறிகிறாள். அங்கே நிற்பவள் பந்தைப் பிடித்து, பேஸை மிதித்து, அவுட் என்று குதிக்கிறாள். நடுவர் இரு கைகளையும் விரித்து சேஃப் என்கிறார். ஒரே கட்டத்தில் இரண்டு அணியின் பெற்றோரையும் கொதிக்க வைக்கும் தீர்ப்பு இது. பிடிக்காத பந்துக்கு அவுட். பேஸை மிதித்தும் சேஃப். ஆனால் இரண்டும் சரி. பேட்டர் அவுட் ஆகிவிட்டதால் முன்னால் இருப்பவர்கள் ஓடியே ஆக வேண்டிய கட்டாயம் நீங்கிவிட்டது. கட்டாயம் இல்லாதவளை அவுட் ஆக்க வேண்டுமானால் பந்தால் அவளைத் தொட வேண்டும். பேஸை மிதிப்பது போதாது.

இந்த விதி இல்லையென்றால் என்ன ஆகும் என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். பந்து பிடிபடும் என்று எண்ணி இரு பிள்ளைகளும் பேஸிலேயே நிற்கிறார்கள். ஷார்ட்ஸ்டாப் வேண்டுமென்றே பந்தைக் கீழே விடுகிறாள். இப்போது இருவரும் ஓடியாக வேண்டும். மூன்றாம் பேஸுக்கு ஓர் எறி, இரண்டாம் பேஸுக்கு ஓர் எறி, இரண்டு அவுட். அதற்குப் பயந்து அவர்கள் முன்கூட்டியே ஓடினால், அவள் பந்தைப் பிடித்து பேஸுக்கு எறிவாள். அப்போதும் இரண்டு அவுட். நின்றாலும் கேடு, ஓடினாலும் கேடு. 1890களில் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் இந்தத் தந்திரத்தை வழக்கமாக்கியதால்தான் இந்த விதியே வந்தது. சாஃப்ட்பாலுக்கும் அது அங்கிருந்து வந்ததுதான். வில்லியம் ஸ்டீவன்ஸ் என்ற சட்ட மாணவர் 1975-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்ட இதழில் இந்த ஒரே விதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சில பக்கங்களே கொண்ட அந்தக் கட்டுரையைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். ஒரு விளையாட்டு விதி பிறப்பதும் நீதிமன்ற வழக்கம் வளர்வதும் ஒரே வழியில்தான் என்று அவர் காட்டினார்: ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார், அதனால் அடுத்தவர் ஏமாறுகிறார், பிறகு அந்த ஓட்டை அடைக்கப்படுகிறது. பேஸில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் ஷார்ட்ஸ்டாப்பின் மனத்தைப் படிக்க முடியாது. அதனால்தான் நடுவர் அவளுக்காகப் பேசுகிறார். பேசுவதென்றால் பந்து உச்சியில் இருக்கும்போதே, வெளித்திடல் வரை கேட்கும்படி பேச வேண்டும். பந்து விழுந்த பிறகு முணுமுணுக்கும் நடுவர் சரியான விதியைச் சொல்லியிருந்தாலும் விதியின் நோக்கத்தைக் கெடுத்தவர் ஆகிறார்.

மூன்றாவது ஸ்டிரைக் நழுவும் கட்டமும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். பேட்டர் மூன்றாவது ஸ்டிரைக்கில் பந்தை விட்டுவிட்டாள், கேட்சரும் அதைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்றால், முதல் பேஸ் காலியாக இருக்கும்போது பேட்டர் ஓடலாம். இரண்டு அவுட் ஏற்கெனவே ஆகியிருந்தால் முதல் பேஸில் ஆள் இருந்தாலும் ஓடலாம். இரண்டுக்குக் குறைவான அவுட் இருந்து, முதல் பேஸிலும் ஆள் நின்றால் மட்டும் ஓட முடியாது. பந்து நழுவினாலும் பேட்டர் அவுட். ஏன் இந்த விலக்கு? இல்லாவிட்டால் கேட்சர் வேண்டுமென்றே பந்தைக் கீழே போட்டு, முன்னால் நிற்பவர்களை ஓட வைத்து, இரண்டு அவுட் சம்பாதித்துவிடுவாள். ஷார்ட்ஸ்டாப்பின் தந்திரம் கேட்சரின் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இப்படிக் காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் இரண்டு விதிகளையும் ஒரே மாலையில் பிடித்துக்கொள்வார்கள். காரணத்தை விட்டுவிட்டு முதல் பேஸ் காலியா, எத்தனை அவுட் என்ற வாய்பாடாகக் கற்பிப்பதுதான் குழப்பத்தை வளர்க்கிறது. இதே கட்டத்தில் ஒரு காட்சி மாவட்டப் போட்டிகளில்கூட நடக்கும்: இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், மூன்றாவது ஸ்டிரைக் நழுவுகிறது. கேட்சர் பந்தை எடுத்துக்கொண்டு பேட்டரைத் துரத்தி முதல் பேஸை நோக்கி ஓடுகிறாள். அவள் காலடியில் இருக்கும் ஹோம் பிளேட்டை மிதித்தாலே போதும்; மூன்றாம் பேஸிலிருந்து வருபவள் கட்டாயத்தில் ஓடி வருகிறாள், ஆகவே அவள் அவுட். இதை நடுவர் சொல்லித்தரக் கூடாது. கேட்சருக்குத் தன் காலடி தெரியும்.

மோதல் விஷயத்துக்கு வருகிறேன். மிகுதியாகக் கோபம் எழுவது இங்கேதான், பிள்ளைகளுக்கு அடிபடுவதும் இங்கேதான். இரண்டாம் பேஸிலிருந்து மூன்றாம் பேஸுக்கு ஒருத்தி ஓடுகிறாள். உருண்டு வரும் பந்தை எடுக்க ஷார்ட்ஸ்டாப் அவள் பாதையில் குனிகிறாள். இருவரும் மோதி விழுகிறார்கள். பந்து அப்போதுதான் அடிபட்டு வருகிறது, ஷார்ட்ஸ்டாப் அதை எடுக்கும் முயற்சியில் இருக்கிறாள் என்றால், வழி அவளுடையது. ஓடுகிறவள்தான் விலகிப் போக வேண்டும். விலகாவிட்டால் அது குறுக்கீடு: ஆட்டம் அந்த நொடியே நிற்கும், ஓடியவள் அவுட். வேண்டுமென்று மோதவில்லை என்ற சமாதானம் செல்லாது. இப்போது அதே இடம், அதே இரண்டு பிள்ளைகள். ஆனால் பந்து வெளித்திடலில் கிடக்கிறது. ஷார்ட்ஸ்டாப் வெறுங்கையோடு பாதையில் நின்று வேடிக்கை பார்க்கிறாள். ஓடுகிறவள் அவள்மேல் முட்டித் தடுமாறுகிறாள். இது வழிமறிப்பு. நடுவர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டிக் காட்டுவார், ஆனால் ஆட்டத்தை நிறுத்தமாட்டார். ஆட்டம் ஓய்ந்த பிறகு, வழி மறிக்கப்படாமல் இருந்திருந்தால் அவள் எந்த பேஸை அடைந்திருப்பாளோ அதை நடுவர் கொடுப்பார். மறிக்கப்பட்ட அந்த இரு பேஸ்களுக்கு நடுவே அவளைப் பொதுவாக அவுட் ஆக்க முடியாது. ஒன்றில் ஆட்டம் உடனே நிற்கிறது, மற்றொன்றில் நிற்பதில்லை. காரணம் எளிது. வழி மறிக்கப்பட்டவள் அதையும் மீறி எழுந்து ஓடி, ஒரு ரன்னே எடுத்துவிடக் கூடும். ஆட்டத்தை நிறுத்தினால் தப்பு செய்த அணிக்கே லாபமாகிவிடும். ஓரத்தில் நிற்பவர்கள் மோதலை மட்டும் பார்க்கிறார்கள். நடுவர் பார்ப்பது பந்து எங்கே இருந்தது என்பதை. மோதலுக்குப் பிறகு "யார் யாரை இடித்தது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "அப்போது பந்து எங்கே?" என்று கேட்கப் பெற்றோர் பழகினால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

நடுவர் தானாகவே பேசும் விதிகள் இன்னும் இரண்டு உண்டு. பிட்சரின் கையிலிருந்து பந்து விடுபடும் முன் ஓடுகிறவள் பேஸை விட்டுக் கால் எடுத்தால், அந்தப் பந்து கணக்கில் வராது, அவள் அவுட். பிட்சரைச் சுற்றி 2.44 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்துக்குள் பந்தோடு பிட்சர் நிற்கும்போது, பேஸுக்கு வெளியே நிற்பவள் தயங்காமல் முன்னே போக வேண்டும் அல்லது திரும்ப வேண்டும். நடுவழியில் ஆட்டம் காட்டிக்கொண்டு நின்றால் அவுட். இரண்டிலும் திடல் காப்பவர்களின் கண் பேட்டர்மேலும் பந்துமேலும் இருக்கும். ஓடுகிறவளின் கால் எந்தக் கணத்தில் எழுந்தது என்று அவர்களால் கவனிக்க முடியாது. ஆகவே அந்த வேலையை விதி நடுவரிடம் கொடுத்திருக்கிறது.

நடுவர் வாய் திறக்கக் கூடாத இடங்கள்தான் நம் பெற்றோருக்குப் புரிய மறுப்பவை. ஒருத்தி இரண்டாம் பேஸை மிதிக்காமல் மூன்றாம் பேஸுக்கு ஓடிவிட்டாள். நடுவர் தெளிவாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உயர எழுந்த பந்து பிடிபடும் முன்பே பேஸை விட்டு ஓடியவள் விஷயத்திலும் இப்படித்தான். வரிசை மாறி வேறொருத்தி மட்டை பிடித்தாலும் இப்படித்தான். இவை மூன்றும் எதிரணி அப்பீல் செய்தால் மட்டுமே தீர்ப்புக்கு வரும். அடுத்த பந்து வீசப்படுவதற்குள் கேட்க வேண்டும். வீசிவிட்டால் அந்தத் தப்பு போனதுதான். வரிசை மாறிய விஷயத்தில் விதி இன்னும் நுட்பமானது. தவறானவள் மட்டையோடு நிற்கும்போதே கேட்டால், சரியானவள் வந்து அதே கணக்கோடு தொடர்வாள், யாரும் அவுட் இல்லை. அவள் ஆடி முடித்த பிறகு, அடுத்த பந்துக்கு முன் கேட்டால், மட்டை பிடித்திருக்க வேண்டியவள் அவுட். அதன் பிறகு கேட்டால் பயன் இல்லை. பேஸை மிதித்தாளா என்பது பக்கத்தில் நிற்கும் எதிரணிப் பிள்ளைக்குத் தெரியக்கூடியது. வரிசை இரண்டு அணியின் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கும் இருக்கும்போது நடுவர் முந்திக்கொண்டு சொன்னால், அவர் ஒரு பக்கத்துக்கு ஆடும் பத்தாவது ஆட்டக்காரர் ஆகிவிடுவார்.

சின்னப் பிள்ளைகளிடம் இந்த மௌனம் கொடுமை அல்லவா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பெரியவர் ஒருவர் உண்மையைத் தெரிந்துகொண்டே ஒளித்து வைக்கிறார், பிள்ளை தோற்றுப்போகிறாள் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் நெறியற்றதாகவே தெரிகிறது. ஆனால் அந்த மௌனம் பிள்ளைக்கு ஓர் உரிமையைக் கொடுக்கிறது என்று நான் வாதிடுவேன், அதற்கு நம் வட்டாரத்தின் வரலாற்றையே துணைக்கு அழைப்பேன். நம் மக்கள் வேலை செய்து வாழ்ந்த தோட்டத்தின் திடலில் விசில் ஊதியவர் பெரும்பாலும் ஆசிரியர் அல்லது தோட்ட எழுத்தரான கிராணியார். மாலையில் கிராணியாரின் தீர்ப்பைக் கேள்வி கேட்ட இளைஞன் மறுநாள் விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் முன்னாலேயே நிற்க வேண்டியிருந்தது. ஆகவே இரண்டே பழக்கங்கள் வளர்ந்தன: வாய்மூடி ஏற்பது, அல்லது பொறுக்க முடியாமல் வெடிப்பது. உரிய ஆளிடம், உரிய நேரத்தில், உரிய முறையில் கேட்பது என்ற நடுவழி தோட்டத்து மக்களுக்குப் போராடித்தான் கிடைத்தது. 1954-ல் உருவாகி, பி. பி. நாராயணன் முதல் பொதுச் செயலாளராக இருந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் செய்த வேலையில் பெரும் பகுதி அதுதான்: குறையை முறையாக எழுதி வைப்பது, பதில் கேட்பது, பதில் வரும்வரை நிற்பது. சாஃப்ட்பாலின் அப்பீல் விதி ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதே நடுவழியைத் திடலிலேயே தருகிறது. "சார், அவங்க இரண்டாம் பேஸை மிதிக்கல" என்று ஒரு சிறுமி நடுவரிடம் சொன்னால், அவர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவளை அதட்ட முடியாது. கேட்டதற்காகத் தண்டிக்க முடியாது. நடுவர் தாமாகவே சொல்லிவிட்டால் அவளுடைய கேள்வி அவளிடமிருந்து பறிக்கப்படுகிறது. கேட்கத் தவறினால் ஒரு ரன் போகும். ஒரு ரன் போனால் போகட்டும். அடுத்த வாரம் அவள் பேஸைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அப்பீல் செய்வதே கௌரவக் குறைவு என்ற எண்ணம் வேறு நம்மிடம் இருக்கிறது. அது கிரிக்கெட்டிலிருந்து வந்த நோய். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐபிஎல் ஆட்டத்தில், பந்து வீசும் முன்பே கோட்டை விட்டு வெளியே போயிருந்த ஜோஸ் பட்லரை நம் சென்னை அஸ்வின் ரன் அவுட் ஆக்கினார். விதி அனுமதித்தது, மூன்றாவது நடுவரும் அவுட் என்றார். ஆனாலும் ஏச்சு முழுதும் அஸ்வின்மேல்தான் விழுந்தது. கோட்டைத் தாண்டியவர்மேல் அல்ல. 1947-ல் சிட்னியில் வினூ மன்கட் பில் பிரவுனை இதே போல் அவுட் ஆக்கியதிலிருந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த அநியாயம் தொடர்ந்தது. 2022-ல்தான் கிரிக்கெட் விதிக்காரர்கள் இதை முறையற்ற ஆட்டம் என்ற பகுதியிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பகுதிக்கு மாற்றினார்கள். இதையே சாஃப்ட்பால் எப்படிக் கையாள்கிறது பாருங்கள். முன்கூட்டிக் கால் எடுத்தால் நடுவரே அவுட் கொடுக்கிறார். எந்தப் பிள்ளையும் பழி சுமக்க வேண்டியதில்லை. கண்ணெதிரே நடக்கும் தப்பை மட்டும் பிள்ளைகளிடம் விட்டிருக்கிறது. இவ்வளவு யோசித்துப் பிரித்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பீல் செய்த சிறுமியை "விளையாட்டு மனப்பான்மை இல்லாதவள்" என்று பெரியவர்கள் திட்டுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பிள்ளைகள்தானே, நடுவர் கொஞ்சம் கண்டும் காணாமலும் விட்டால் என்ன? இந்தக் கருணை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு சாட்சி. 1908 செப்டம்பர் 23, நியூயார்க் நகரம். ஜயண்ட்ஸ் அணியும் சிகாகோ கப்ஸ் அணியும் மோதிய பேஸ்பால் ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், 1–1, இரண்டு அவுட். முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஜயண்ட்ஸ் ஆட்கள். முதல் பேஸில் நின்றவர் பிரெட் மெர்க்கல் என்ற பத்தொன்பது வயதுப் பையன். அடி விழுந்தது. மூன்றாம் பேஸில் இருந்தவர் ஹோமுக்கு வந்துவிட்டார். வெற்றி என்று கூட்டம் திடலுக்குள் பாய்ந்தது. மெர்க்கல் இரண்டாம் பேஸை மிதிக்காமலேயே பாதியில் திரும்பி உடைமாற்றும் அறையை நோக்கி நடந்தார். எதிரணியின் ஜானி எவர்ஸ் பந்தை வரவழைத்து இரண்டாம் பேஸை மிதித்து அவுட் கேட்டார். நடுவர் ஹாங்க் ஓடே அவுட் கொடுத்தார். கட்டாய அவுட் மூன்றாவது அவுட் ஆனால் ரன் செல்லாது. ஆட்டம் சமன் ஆனது. பருவ முடிவில் இரு அணிகளும் சமமாக நின்றதால் அக்டோபர் 8 அன்று மீண்டும் ஆடினார்கள். கப்ஸ் வென்றது. அந்தப் பையனுக்கு "மண்டூகம்" என்ற பட்டம் சாகும்வரை ஒட்டிக்கொண்டது.

ஓடே விதியை இரக்கமின்றிப் பிடித்ததால் ஒரு பையன் கெட்டான் என்றுதான் இதைச் சொல்வார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அதற்கு ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு முன், செப்டம்பர் 4 அன்று, பிட்ஸ்பர்க்கில் இதே போன்ற கட்டம் நடந்தது. அங்கேயும் எவர்ஸ் கேட்டார். அங்கேயும் நடுவர் இதே ஓடேதான். ஓடியவரின் காலைத் தாம் பார்க்கவில்லை என்று அப்போது அவர் அவுட் கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டால் ஓடுகிறவர் அடுத்த பேஸைத் தொடாமல் திரும்பிவிடுவது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம்; நடுவர்கள் அதைக் கண்டுகொண்டதில்லை. அதாவது மெர்க்கல் கற்றுக்கொண்டது எழுதிய விதியை அல்ல, நடுவர்களின் தாராளத்தை. அந்தத் தாராளம் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் நின்றது. கண்டும் காணாமலும் விடும் நடுவர் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு இதுவே. பள்ளி ஆட்டத்தில் பேஸை ஒட்டி ஓடினாலே போதும் என்று பழகியவள் மாநிலப் போட்டிக்குப் போனதும் அவுட் ஆவாள். யாரைக் குறை சொல்வாள்?

அப்படியானால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் முழு விதியா என்று கேட்டால், இல்லை. ஒரு விதியை ஆட்டம் தொடங்கும் முன்பே எடுத்துவிடுவதும், இருக்கும் விதியை ஆட்டத்தின் நடுவில் தளர்த்துவதும் ஒன்றல்ல. சிறியவர்களுக்கு மூன்றாவது ஸ்டிரைக் நழுவும் விதி வேண்டாம் என்று பல நாடுகளின் சிறார் போட்டிகள் வைத்திருக்கின்றன. பந்தின் சுற்றளவைப் பன்னிரண்டு அங்குலத்திலிருந்து பதினொன்றாகக் குறைக்கிறார்கள், பிட்சர் நிற்கும் தூரத்தையும் குறைக்கிறார்கள். இவை நல்ல மாற்றங்கள், இரு தரப்புக்கும் ஒன்றுபோல் தெரிந்த மாற்றங்கள். முதல் பேஸை வெள்ளையும் ஆரஞ்சுமாக இரட்டையாக வைத்து, ஓடுகிறவளுக்கு ஆரஞ்சுப் பக்கத்தைக் கொடுத்ததும் இப்படி வந்ததுதான். மோதலைத் தடுக்க அதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் இன்ஃபீல்டு ஃபிளை விதியை மட்டும் எந்த வயதிலும் எடுக்க வேண்டாம் என்பேன். அது பிள்ளையைக் காக்கும் விதி.

நடுவரே தவறினால்? கட்டாயம் தவறுவார். பள்ளி ஆட்டத்தில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் நடுவர்கள், 18.29 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் நான்கு மூலையையும் ஒருவர் பார்க்க முடியாது. இங்கே இரண்டு வகைத் தவற்றைப் பிரிக்க வேண்டும். பந்து முந்தியதா கால் முந்தியதா என்பது கண்ணின் கணிப்பு. அதன்மேல் வழக்காட முடியாது. முதல் பேஸில் ஆள் இல்லாதபோது இன்ஃபீல்டு ஃபிளை கொடுப்பது விதியைத் தப்பாகப் பொருத்துவது. அதைப் பயிற்றுநர் அடுத்த பந்துக்கு முன் அமைதியாக எடுத்துச் சொல்லலாம், நடுவர் திருத்தலாம். தீர்ப்பை மாற்றியதாலோ தாமதமாகச் சொன்னதாலோ ஓடுகிறவளோ திடல் காப்பவர்களோ பாதிக்கப்பட்டால், நடுவர்கள் கலந்து பேசி அதைச் சரிசெய்ய சாஃப்ட்பால் விதிகளே அதிகாரம் கொடுக்கின்றன. திருத்தினால் மதிப்புக் குறையும், அடுத்த தீர்ப்பை யாரும் ஏற்கமாட்டார்கள் என்ற அச்சம் நம் நடுவர்களிடம் ஆழமாக இருக்கிறது. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்டில் அர்மாண்டோ கலராகா வீசிய பேஸ்பால் ஆட்டத்தை நினைவுபடுத்துகிறேன். ஓர் ஆளைக்கூட பேஸ் ஏறவிடாமல் இருபத்தாறு பேரை அவுட் ஆக்கியிருந்தார். கடைசியாக மிஞ்சிய இருபத்தேழாவது ஆளை நடுவர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்றார். அவுட் என்று பதிவுக் காட்சி காட்டியது. ஜாய்ஸ் அன்றிரவே தன் தவற்றைப் பகிரங்கமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்ட வரிசைச் சீட்டைக் கலராகாவே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். ஜாய்ஸ் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடுவராக நின்றார், மதிப்போடு நின்றார். கண்ணின் கணிப்பு என்பதால் தீர்ப்பு மாறவில்லை, ஆனால் தவற்றை அவர் ஒளிக்கவும் இல்லை.

நடுவர்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் ஆட்டம் எப்போது முடிவது என்ற நடைமுறைக் கேள்வி மிஞ்சுகிறது. விளக்கத்தின் பெரும் பகுதியை ஆட்டத்துக்கு முன்பே முடித்துவிடலாம். ஆட்டம் தொடங்கும் முன் நடுவரும் இரு பயிற்றுநர்களும் ஹோம் பிளேட் அருகே கூடித் திடலின் எல்லைகளைப் பேசிக்கொள்வது ஏற்கெனவே இருக்கும் வழக்கம். ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் செம்பனை வரிசை என்று இருக்கும் நம் திடல்களில் அது அவசியமும்கூட. அந்தக் கூட்டத்துக்கு இரு அணியின் கேப்டன்களையும் அழைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இன்றைய ஆட்டத்தில் எந்த விதி எடுக்கப்பட்டிருக்கிறது என்று நடுவர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லட்டும். இன்ஃபீல்டு ஃபிளைக்குத் தன் கை எப்படி உயரும், வழிமறிப்புக்கு எப்படி நீளும் என்று ஒருமுறை செய்து காட்டட்டும். பேஸை மிதிக்காமல் ஒருத்தி ஓடினால் யாரிடம், எந்த நேரத்துக்குள் வந்து கேட்க வேண்டும் என்பதையும் சொல்லட்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். பெற்றோர் நிற்கும் பக்கமாகத் திரும்பி, கேட்கும் குரலில் சொன்னால் அவர்களுக்கும் தனியாக ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருக்காது.